கணக்கும் சோதனையும் முரண்படும் இடம்

இயந்திரப் பொறியியலில் ஒரு முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக வரும்போது, அளவீட்டில் பிழை நேர்ந்திருக்கலாம், கணக்கீட்டில் பிழை நேர்ந்திருக்கலாம், அல்லது இரண்டும் சரியாகவே இருந்து, அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று அதுவரை நம்பி வந்த கருத்தே குறையுடையதாக இருக்கலாம். அறிவை வளர்ப்பது இவற்றுள் கடைசியானதே என்றாலும், நடைமுறையில் மிகுதியாக நிகழ்பவை முதல் இரண்டும்தான் என்பதால், ஆய்வாளர் அவற்றை முதலில் சந்தேகிப்பது இயல்பு மட்டுமல்ல, முறையும்கூட. ஆனால் சந்தேகம் எழுந்த மாத்திரத்தில், அந்தச் சந்தேகத்தையே விடையாக ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஏனென்றால் தவறான ஊகம்கூட முரண்பாட்டை எண்ணளவில் நன்றாகவே தீர்த்துவைக்கக் கூடும். முரண்பட்ட ஒரு முடிவை விளக்க முற்படுவதற்கு முன் அதை அசைத்துப் பார்க்க வேண்டும். எதை மாற்றினால் அது மாறுகிறது, எதை மாற்றினாலும் அது அசையாமல் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, விளக்கத்தை அந்தப் பட்டியலிலிருந்தே எழவிட வேண்டும். இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் நிகழ்வுகள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் பரவிக் கிடந்தாலும், அவை ஒவ்வொன்றிலும் வழி திறந்ததும் அடைபட்டதும் இந்த ஒரு பழக்கத்தைப் பொறுத்தே.

பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஐஃபெல், தம் வாழ்வின் பிற்பகுதியைக் காற்றின் எதிர்ப்பை அளப்பதற்கு ஒதுக்கினார். தொடக்கத்தில் கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து பல வடிவத் தட்டுகளை விழச்செய்து அளந்த அவர், 1909இல் கோபுரத்தின் அருகிலேயே ஒரு காற்றுச் சுரங்கத்தை, அதாவது பொருளை அசையாமல் நிறுத்திக் காற்றை அதன்மேல் சீராகப் பாய்ச்சும் கூடத்தை, நிறுவினார். 1912இல் அது ஓத்தேய் பகுதிக்கு இடம்பெயர்ந்து, முன்னிலும் விரைவான காற்றோட்டத்தைப் பெற்றது. அதே காலத்தில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்டில் தலைமையில் இயங்கிய சுரங்கத்தில் காற்றின் வேகம் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வரையே எட்டியது. இரு ஆய்வகங்களும் மிக எளிய வடிவமான கோளத்தின் இழுவையை அளந்தன. ஒரு பொருளைக் காற்று தள்ளும் விசையை, காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், பொருளின் குறுக்குப் பரப்பு ஆகியவற்றின் பெருக்கத்தில் பாதியால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு இழுவைக் கெழு என்று பெயர். வடிவம் ஒன்றாக இருந்தால் இந்த எண்ணும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஆனால் கோட்டிங்கனில் கிடைத்த மதிப்பு, ஐஃபெல் வெளியிட்ட மதிப்பைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது.

கோட்டிங்கன் ஆய்வாளர்களுக்கு ஒரு விளக்கம் உடனே தோன்றியது. காற்றோட்டத்தின் இயக்க அழுத்தத்தைக் கணக்கிடும் வாய்பாட்டில் அரை என்ற காரணி ஒன்று வரும். அதை ஐஃபெல் தவறவிட்டிருந்தால் அவருடைய மதிப்பு சரிபாதியாகிவிடும். எண்கள் கிட்டத்தட்டப் பொருந்தியதால் இந்த ஊகம் மிகவும் நம்பத்தக்கதாகத் தெரிந்தது. அப்போது எண்பது வயதை எட்டியிருந்த ஐஃபெலோ, தம் கணக்கைத் தற்காத்து வாதாடுவதில் காலம் கழிக்காமல், வெவ்வேறு விட்டமுள்ள கோளங்களை எடுத்துக்கொண்டு, குறைந்த வேகத்திலிருந்து கூடிய வேகம் வரை படிப்படியாக மீண்டும் அளந்தார். குறைந்த வேகங்களில் அவருக்கும் கோட்டிங்கனின் மதிப்பே கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் இழுவைக் கெழு திடீரெனச் சரிந்து, அவர் முன்பு வெளியிட்ட சிறிய மதிப்புக்கு வந்து நின்றது. கோளம் பெரிதாகப் பெரிதாக அந்தச் சரிவு நிகழும் வேகம் குறைந்தது. ஆக, இரு ஆய்வகங்களும் சரியாகவே அளந்திருந்தன, ஆனால் ஒரே நிகழ்வின் இரண்டு வேறு பகுதிகளை அளந்திருந்தன. சரிவு நிகழும் குறுகிய இடைவெளியில் கெழு மட்டுமன்றி விசையே குறைகிறது என்பதை, அதாவது காற்று விரைவாக வீசும்போது கோளம் முன்னைவிடக் குறைவாகத் தள்ளப்படுகிறது என்பதை, அன்றைய எந்தக் கணக்கும் முன்னறிவிக்கவில்லை.

காரணத்தை 1914இல் கண்டு சொன்னவர் பிராண்டில்தான். பொருளின் மேற்பரப்பை ஒட்டி, உராய்வால் வேகம் குன்றிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது என்று அவர் 1904இலேயே காட்டியிருந்தார். இதற்கு எல்லைப்படலம் என்று பெயர். குறைந்த வேகத்தில் இந்தப் படலம் அடுக்கடுக்காக ஒழுங்காக ஓடி, கோளத்தின் நடுவட்டத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே மேற்பரப்பைவிட்டு விலகிவிடுகிறது. விலகிய இடத்துக்குப் பின்னால் அகன்ற சுழல்வெளி உருவாகி, பின்பக்க அழுத்தம் குறைந்து, இழுவை கூடுகிறது. வேகம் போதிய அளவு உயர்ந்ததும் படலத்தின் ஓட்டம் கொந்தளிப்பாக மாறுகிறது. கொந்தளிப்பு வெளியிலுள்ள விரைவான காற்றைப் படலத்துக்குள் கலந்துவிடுவதால், அது மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு நடுவட்டத்தைத் தாண்டியும் சென்று விலகுகிறது, சுழல்வெளி ஒடுங்குகிறது, இழுவை சரிகிறது.

இந்த விளக்கம் சரியென்றால், எல்லைப்படலத்தை எந்த வழியிலாவது கொந்தளிக்கச் செய்தால் குறைந்த வேகத்திலேயே இழுவை குறைய வேண்டும். பிராண்டில் கோளத்தின் முன்பாதியில், நடுவட்டத்துக்குச் சற்று முன்னால், மெல்லிய கம்பியை வளையமாகச் சுற்றிவைத்து அளந்தார். வழவழப்பான கோளத்தின்மேல் ஒரு தடையைக் கூட்டினால் எதிர்ப்பு அதிகரிக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். ஆனால் இழுவை வெகுவாகக் குறைந்தது. புகை விட்டுப் பார்த்தபோது சுழல்வெளி ஒடுங்கியதும் கண்ணுக்கே தெரிந்தது. கோல்ஃப் பந்தில் குழிகள் இட்டிருப்பதும் இதே வேலையைச் செய்கிறது. முன்பே தெரிந்த எண்களுக்குக் காரணம் கற்பிப்பதைவிட, பொதுப்புத்திக்கு எதிரான ஒரு புதிய விளைவை முன்கூட்டிச் சொல்லி, அதைச் செய்தும் காட்டுவது எவ்வளவு வலிமையான சான்று என்பதற்கு அந்தக் கம்பி வளையத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு பொறியியல் வரலாற்றில் அரிது.

இதற்கு ஒரு பின்தொடர்ச்சியும் உண்டு. வேகம், விட்டம், காற்றின் பாகுத்தன்மை ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாக இணைக்கும் ரெனால்ட்ஸ் எண்ணைக் கொண்டு பார்த்தாலும், சரிவு நிகழும் இடம் எல்லாச் சுரங்கங்களிலும் ஒன்றாக அமையவில்லை. சுரங்கத்துக்குள் வரும் காற்றிலேயே நுண்ணிய கொந்தளிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அது முன்பின்னாக நகர்ந்தது. ஆய்வாளர்கள் இந்தத் தொல்லையையே கருவியாக்கிக்கொண்டார்கள். அமைதியான திறந்தவெளிக் காற்றில் கோளத்தின் இழுவைக் கெழு 0.3 என்ற மதிப்புக்கு இறங்கும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 3,85,000 என்பது தெரிந்தபின், ஒரு சுரங்கத்தில் அந்த இறக்கம் எவ்வளவு முன்னதாக நிகழ்கிறது என்று அளந்து, அந்தச் சுரங்கத்தின் காற்று எவ்வளவு கலங்கியது என மதிப்பிட முடிந்தது.

சுழலும் தண்டுகளின் வரலாறு இன்னும் சிக்கலானது. ஓர் எதிர்பாராத முடிவை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு முழுப் பாடமாகவே அமைகிறது. எந்தத் தண்டையும் முற்றிலும் சமன்செய்ய முடியாது. அதன் நிறைமையம் சுழல் அச்சிலிருந்து மயிரிழையேனும் விலகியிருக்கும். தண்டின் இயல்பான அதிர்வெண்ணும் சுழற்சி வேகமும் ஒன்றாகும்போது அந்தச் சிறு விலகலே பெரும் அதிர்வாக வளர்கிறது. அந்த வேகம் மாறுநிலை வேகம் எனப்படும். 1869இல் ராங்கின் செய்த ஆய்வு, மாறுநிலை வேகத்துக்கு மேலே எந்தத் தண்டும் நிலையாகச் சுழல முடியாது என்று முடித்தது. சுழலும் சட்டகத்திலிருந்து பார்க்கும்போது தோன்றும் கொரியோலிஸ் விசையை அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் நேர்ந்த முடிவு அது. எனினும் அவருடைய பெயரின் கனத்தால் நெடுங்காலம் நம்பப்பட்டது. சுவீடனின் குஸ்தாஃப் தே லாவால் 1880களின் இறுதியில் மெல்லிய, வளையக்கூடிய தண்டோடு நீராவிச் சுழலியைச் செய்து, அதை மாறுநிலை வேகத்தைக் கடந்து பல மடங்கு வேகத்தில் ஓட்டினார். தண்டு அங்கே அமைதியாகவே சுழன்றது. 1895இல் ஆகுஸ்ட் ஃபாப்பலும் 1919இல் ஜெஃப்காட்டும் காட்டிய விளக்கத்தின்படி, மாறுநிலையைத் தாண்டியதும் நிறைமையம் வளைவின் உட்பக்கத்துக்கு வந்துவிடுகிறது, வேகம் கூடக் கூட அது சுழல் அச்சை நெருங்குகிறது, அதிர்வு தணிகிறது.

இந்தத் துணிவோடுதான் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், ஊதுலைகளுக்குக் காற்று செலுத்தும் அமுக்கிகளை மாறுநிலை வேகத்துக்கு மேலே ஓடும்படி வடிவமைத்தது. அவற்றுள் சில, கணக்குப்படி அமைதியாக இருக்க வேண்டிய வேகத்தில் கடுமையாக அதிர்ந்தன. அதிர்வு என்றதும் எவருக்கும் முதலில் தோன்றும் ஐயம் சமனின்மைதான் என்பதால், சுழலிகள் மீண்டும் மீண்டும் சமன்செய்யப்பட்டன; பயனில்லை. அந்த நிறுவனத்தின் ஆய்வகத்தில் இதை ஆராய்ந்து 1924இல் முடிவுகளை வெளியிட்ட பர்ட் நியூகர்க், விளக்கம் தேடி அலைவதற்கு முன் அதிர்வின் குணங்களைத் தொகுத்தார். இந்தத் தொகுப்பு நின்று வாசிக்கத் தக்கது. சுழலியை எவ்வளவு நுணுக்கமாகச் சமன்செய்தாலும் அதிர்வு தொடங்கும் வேகமோ அதன் வீச்சோ மாறவில்லை. அதிர்வு எப்போதும் மாறுநிலை வேகத்துக்கு மேலேதான் தோன்றியது, கீழே ஒருபோதும் தோன்றவில்லை. தண்டு எந்த வேகத்தில் சுழன்றாலும், வளைந்த தண்டு தன் அச்சைச் சுற்றி வட்டமிடும் வேகம் மட்டும் மாறுநிலை வேகத்திலேயே நின்றது. தனித்தனிப் பாகங்களைத் தண்டின்மேல் இறுக்கமாகப் பொருத்திச் செய்த சுழலிகளில் மட்டுமே இது காணப்பட்டது. அடித்தளத்தை நெகிழ்வாக்கினாலோ, அதில் தணிப்பைக் கூட்டினாலோ, அதிர்வு தொடங்கும் வேகம் மேலே போயிற்று.

ஒவ்வொரு வரியும் ஒரு சந்தேகத்தை நீக்குகிறது, அல்லது கூர்மையாக்குகிறது. சமனின்மைதான் காரணம் என்றால் சமன்செய்ததும் வீச்சு குறைந்திருக்க வேண்டும். மேலும் சமனின்மையால் எழும் அதிர்வு சுழற்சி வேகத்தோடேயே சேர்ந்து நகரும், இங்கோ அது தன் வேகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே இது வெளியிலிருந்து தூண்டப்பட்ட அதிர்வன்று. சுழற்சியிலிருந்தே ஆற்றலை உறிஞ்சித் தானாக வளரும் அதிர்வு. அந்த ஆற்றல் எந்த வாயிலாக நுழைகிறது என்ற கேள்விக்குப் பொருத்திய பாகங்களைப் பற்றிய குறிப்பு வழிகாட்டியது. அதே நிறுவனத்தின் கிம்பால், தண்டின் உள் உராய்வே வாயிலாக இருக்கலாம் என்று கருதினார். வளைந்த தண்டு ஒரு வேகத்தில் சுழன்றுகொண்டே வேறொரு வேகத்தில் வட்டமிடும்போது, அதன் இழைகள் ஒவ்வொன்றும் மாறி மாறி நீண்டும் சுருங்கியும் வருகின்றன. இந்த நீட்சிக்கும் சுருக்கத்துக்கும் எதிராக உள்ளே எழும் உராய்வு, தண்டின் சுழற்சி வட்டமிடுதலைவிட மெதுவாக இருக்கும்வரை அதிர்வைத் தணிக்கிறது. சுழற்சி அதைவிட விரைவானதும் அதே உராய்வு திசை மாறி, வட்டமிடுதலை முன்னோக்கித் தள்ளத் தொடங்குகிறது. தணிக்கும் என்று எல்லோரும் எண்ணும் உராய்வு இங்கே தூண்டும் விசையாகிறது. அதிர்வு மாறுநிலைக்கு மேலே மட்டும் தோன்றியதற்கும் இதுவே காரணம்.

இதைச் சரிபார்க்கக் கையாண்ட சோதனை எளிமையானது. தண்டின் முனையில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு மெதுவாகச் சுழற்றினால், உள் உராய்வு இல்லாத தண்டு நேர்கீழாக வளையும். உராய்வு இருந்தால் வளைவு சற்றே பக்கவாட்டில் சாயும், அந்தச் சாய்வே உராய்வின் அளவு. இப்படி அளந்தபோது, உலோகத்தினுள் நிகழும் உராய்வைவிட, இறுகப் பொருத்திய வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே நிகழும் நுண்ணிய வழுக்கலே பெரும்பங்கு வகிப்பது தெரிந்தது. பொருத்தும் பரப்பின் நீளத்தைக் குறைப்பதும் தாங்கிகளின் அடித்தளத்தில் தணிப்பைக் கூட்டுவதும் தீர்வுகளாயின.

இங்கேயே ஆய்வு நின்றிருந்தால், தானாக வளரும் தண்டதிர்வு எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று பாடநூல்கள் எழுதியிருக்கும். ஆனால் பொருத்திய பாகங்கள் இல்லாத ஒரு சுழலியும் இதே போல அதிர்ந்தது. நியூகர்க்கும் டெய்லரும் 1925இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கிக்குப் போகும் எண்ணெயை நிறுத்தியதும் அதிர்வு நின்றது, எண்ணெயைத் திறந்ததும் திரும்பியது. உராய்வைக் குறைக்க விடப்படும் எண்ணெயையே குற்றவாளியாகச் சந்தேகித்து அதை மூடிப் பார்க்கத் தோன்றியதுதான் இதில் வியக்கத்தக்கது. தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே, தண்டை ஒட்டிய எண்ணெய் தண்டின் வேகத்திலும், தாங்கியை ஒட்டிய எண்ணெய் அசையாமலும் இருப்பதால், எண்ணெய்ப் படலம் சராசரியாகத் தண்டின் பாதி வேகத்தில் சுற்றி வருகிறது. தண்டின் வேகம் மாறுநிலையைப் போல் இரு மடங்கை நெருங்கும்போது அந்தப் பாதி வேகம் தண்டின் இயல்பான அதிர்வெண்ணோடு இணைந்து அதை ஊட்டி வளர்க்கிறது. வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்த இரண்டு அதிர்வுகளுக்கு முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் இருந்தன. ஒரு காரணம் உறுதிப்பட்டுவிட்டது என்பதால் மற்றொன்று இல்லை என்றாகிவிடாது. சுழலும் இயந்திரங்களைப் பராமரிப்போர் இன்றும் அதிர்வலைகளைப் பதிவுசெய்யும்போது, சுழற்சி வேகத்தில் எழும் அதிர்வையும் அதன் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் எழும் அதிர்வையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

கணினி வந்தபின் சோதனையின் பெரும்பகுதி கணிப்புக்குள் நுழைந்துவிட்டது. ஒரு பாகத்தைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் சமன்பாடுகளைத் தோராயமாகத் தீர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் முறைக்கு முடிவுறு கூறு முறை என்று பெயர். அந்தக் கூறுகளின் பின்னலை வலை என்பர். இதில் வரும் எதிர்பாராத முடிவை விசாரிக்க, இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்வது இன்றியமையாதது: சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பது ஒன்று, சரியான சமன்பாட்டைத்தான் தீர்த்தோமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு வழக்கமான சோதனை வலையை மேலும் மேலும் நுணுக்குவது. விடை ஒரு மதிப்பை நோக்கி அடங்கிவந்தால் தீர்வு சரி என்று கொள்வர். பெரும்பாலும் இது போதுமானது, ஆனால் எப்போதும் அல்ல.

கூர்மையான உள்மூலை கொண்ட ஓர் எல் வடிவத் தாங்குசட்டத்தை எடுத்துக்கொண்டால், வலையை நுணுக்க நுணுக்க மூலையின் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் பொருள் தாங்கும் உள்விசை, நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். மென்பொருள் இங்கே தவறவில்லை. கூர்மூலையில் தகைவு எல்லையற்றது என்பதுதான் அந்தச் சமன்பாட்டின் உண்மையான விடை, கணினி அதை நோக்கி நேர்மையாகப் போய்க்கொண்டிருக்கிறது. உண்மையான பாகத்தில் மூலைக்குச் சிறிதேனும் ஆரம் உண்டு, உலோகம் நெகிழ்ந்துகொடுக்கவும் செய்யும். இந்த ஏற்றத்தைக் கண்டு பாகம் முறிந்துவிடும் என்று அஞ்சுவது தவறு. ஏற்கத்தக்க எண் கிடைக்கும்வரை வலையைப் பரும்படியாக வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் அங்கே விடையை முடிவுசெய்வது பொருளின் இயல்பன்று, ஆய்வாளரின் விருப்பம்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. விளிம்பு முழுவதும் வெறுமனே தாங்கப்பட்ட, அதாவது கீழிறங்க முடியாமலும் சாயத் தடையில்லாமலும் அமைந்த, ஒரு மெல்லிய வட்டத் தட்டின்மேல் சீரான பாரம் ஏற்றப்படுகிறது என்க. கணினியில் நேர்விளிம்புக் கூறுகளைப் பயன்படுத்தினால் வட்டம் பலகோணமாகிறது. கூறுகளைப் பெருக்கினால் பலகோணம் வட்டத்தை நெருங்குகிறது. நடுப்பகுதியின் தாழ்வும் ஒழுங்காக ஒரு மதிப்பை நோக்கி அடங்குகிறது. ஆனால் எஃகைப் போன்ற பொருளுக்கு அந்த மதிப்பு உண்மையான விடையைவிட ஏறத்தாழ 26% குறைவு. பலகோணத்தின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வெவ்வேறு திசை விளிம்புகள் தட்டை ஒரே மட்டத்தில் பிடித்துவைப்பதால், அங்கே தட்டு எப்பக்கமும் சாய முடியாது. மூலைகள் பெருகினால் இந்தப் பிடி குறைவதில்லை, விளிம்பு முழுவதும் பரவிவிடுகிறது. செக் நாட்டில் பிறந்த கணிதவியலாளர் ஈவோ பாபுஷ்கா 1960களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தார். இன்று இந்த முரண் அவர் பெயராலேயே வழங்குகிறது. வலையை எவ்வளவு நுணுக்கினாலும் இந்தப் பிழை வெளிப்படாது. கையால் தீர்க்கக்கூடிய ஓர் எளிய நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வெளிப்படும். தாங்கும் முறை, பாரம் ஏற்றும் முறை, கூறின் வகை என்று வலையைத் தவிர்த்த மற்றவற்றையும் மாற்றிப் பார்க்காதவரை, அடங்கிவரும் விடை எதற்கும் உத்தரவாதமில்லை.

முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சிதறிக் கிடப்பதும் ஒருவகை எதிர்பாராமைதான். அதைச் சராசரி எடுத்து மறைத்துவிடும் ஆசை எப்போதும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் மெல்லிய உருளைக் கூடு ஒன்றை மேலிருந்து அழுத்தினால், ஓரளவுக்கு மேல் அது திடீரென நெளிந்து மடங்கும். அந்தப் பாரத்துக்கான வாய்பாடு 1914க்குள் உருவாகிவிட்டது. ஆனால் 1930களில் நிகழ்ந்த சோதனைகளில் பல கூடுகள் அந்த மதிப்பில் பாதியைக்கூட எட்டாமல் மடங்கின, ஒரே அளவில் செய்த கூடுகள்கூட ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. சோதனைகள் பரும்படியானவை என்று ஒதுக்கிவிடுவது எளிதாக இருந்தது. போர்க்காலத்தில் ஆய்வு செய்து 1945இல் டெல்ஃப்டில் தம் ஆய்வேட்டை அளித்த டச்சுப் பொறியியலாளர் வார்னர் கோய்ட்டர், சிதறல்தான் செய்தி என்று காட்டினார். குறையற்ற கூட்டில் பல நெளிவு வடிவங்கள் ஒரே பாரத்தில் காத்திருப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வடிவக் குறைகூட அவற்றை முன்கூட்டியே எழுப்பிவிடும். மிகவும் கேடான வடிவில் அமைந்தால், சுவர்த் தடிப்பில் பத்தில் ஒரு பங்கே உள்ள அலைவுகூடத் தாங்கும் பாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கரைத்துவிடும். ஆய்வேடு டச்சு மொழியில் இருந்ததால் அது உலகை எட்ட இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. இடைக்காலத்தில் ராக்கெட் வடிவமைப்பாளர்கள், பழைய சோதனைகளின் அடிமட்ட மதிப்புகளையே அளவுகோலாகக் கொண்டு, தேவைக்கு மேல் கனமான கூடுகளைச் செய்தனர். 2011இல் நாசா, அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில், 8 மீட்டருக்கும் கூடுதலான விட்டமுள்ள அலுமினிய–லித்தியம் கூட்டை மடங்கும்வரை அழுத்திச் சோதித்தபோது, வெள்ளைப் பூச்சின்மேல் முழுக்கக் கரும்புள்ளிகள் இட்டு, ஒவ்வொரு புள்ளியும் எப்படி நகர்கிறது என்பதைக் கேமராக்களால் பின்தொடர்ந்தது. ஒரு கூட்டின் குறைகளை முன்கூட்டியே அளந்து கணிப்புக்குள் சேர்த்துவிட்டால், அது எங்கே, எப்போது மடங்கும் என்பதை இப்போது பெரிதும் நெருக்கமாகச் சொல்ல முடிகிறது.

இதுவரை கண்டவை எல்லாம் சங்கடம் தந்ததால் விசாரிக்கப்பட்ட முடிவுகள். மகிழ்ச்சி தரும் எதிர்பாராத முடிவுகளோ பெரும்பாலும் விசாரணையின்றித் தப்பிவிடுகின்றன. இந்தத் துறையில் மிகுந்த இழப்பைத் தந்தவை அவையே. உலகின் முதல் ஜெட் பயணியர் விமானமான காமெட் 1952இல் சேவைக்கு வந்தது. ஒவ்வொரு பறத்தலிலும் உட்புறம் அழுத்தம் ஏற்றப்பட்டு இறக்கப்படுவதால், உலோகம் மீண்டும் மீண்டும் இழுபட்டுத் தளர்ந்து விரிசல் காணும் களைப்பு முறிவைப் பற்றி அதன் வடிவமைப்பாளர்கள் அறியாமலில்லை. விமான உடலின் முன்பகுதி ஒன்றைத் தனியே வைத்து அழுத்தத்தை மாறி மாறி ஏற்றி இறக்கினர். ஏறத்தாழ 18,000 சுற்றுகள்வரை அது தாங்கியது. ஒரு விமானம் தன் வாழ்நாளில் காணக்கூடியதைவிட இது மிகுதி என்பதால் ஐயம் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. ஆனால் 1954 ஜனவரி 10 அன்று ஒரு காமெட் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. ஏப்ரல் 8 அன்று மற்றொன்று நேப்பிள்ஸ் அருகே விழுந்தது. முதலாவது 1,290 முறையும் இரண்டாவது 900 முறையுமே பறந்திருந்தன.

ஃபார்ன்பரோவில் இருந்த அரச வானூர்தி ஆய்வகம், சேவையிலிருந்த மூன்றாவது காமெட் ஒன்றின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, தண்ணீரால் அழுத்தத்தை ஏற்றி இறக்கியது. தண்ணீர் காற்றைப் போல் அமுங்குவதில்லை என்பதால், உடல் கிழியும்போது வெடிச்சிதறல் நேராது, விரிசல் தொடங்கிய இடம் அழியாமல் கிடைக்கும். ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்த அந்த உடல், தொட்டியில் மேலும் 1,836 சுற்றுகள் கடந்து, மொத்தம் 3,057இல் ஒரு சாளரத்தின் மூலையிலிருந்து கிழிந்தது. 18,000 சுற்றுகள் தாங்கிய முன்பகுதிக்கும் இதற்கும் இடையே ஒரே ஒரு முக்கிய வேறுபாடு இருந்தது. அந்த முன்பகுதி, களைப்புச் சோதனைக்கு வருமுன், வலிமையை உறுதிசெய்வதற்காக இயல்பான அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கு ஏற்றப்பட்டிருந்தது. அந்த மிகை அழுத்தத்தில் சாளர மூலைகளின் உலோகம் சற்றே நெகிழ்ந்து நீண்டு, அழுத்தம் இறங்கியபின் சுற்றியுள்ள தகட்டால் நெருக்கப்பட்டு, நிலையான அமுக்கத்தில் நின்றுவிட்டது. அதன்பின் ஏற்றிய ஒவ்வொரு சுற்றும் முதலில் இந்த அமுக்கத்தை நீக்கிய பிறகே மூலையை இழுக்க முடிந்தது. பயணியரோடு பறந்த விமானங்களுக்கு அந்த மிகை அழுத்தம் ஒருபோதும் கொடுக்கப்படவில்லை. வலிமையை நிரூபிக்கச் செய்த சோதனையே களைப்பை அளக்க வைத்திருந்த மாதிரியை வேறொரு பொருளாக மாற்றிவிட்டது. ஒரே மாதிரியை இரண்டு சோதனைகளுக்கும் பயன்படுத்தாமல், மிகை அழுத்தம் காணாத இன்னொரு முன்பகுதியை அதன் பக்கத்தில் வைத்து அதே சுற்றுகளை ஏற்றி இறக்கியிருந்தால், அந்த 18,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது விமானங்கள் பறக்கத் தொடங்குமுன்பே தெரிந்திருக்கும்.